எண்பத்து மூன்று

தேநீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா. சர்க்கரை போட்டிருக்கிறது. நான் சர்க்கரையைத் தொட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. வெந்நீர் இருந்தால் போதும். நான் கேட்டதும் அந்தக் காவலர் முகம் சுளிக்காமல் எழுந்து போய்க் கொண்டுவந்தார் பாருங்கள், அது பெரிய விஷயம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் இந்த மாதிரிச் சின்ன உபகாரங்களில்தான் கடவுள் இருக்கிறார் என்று என் வகுப்பில் சொல்வதுண்டு.

நீங்கள் கேட்டதை முதலிலிருந்து சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. நான் செய்த தவறு, ஸ்கோர் அட்டையில் நான்கு எண்களை விளையாடாமலே எழுதியது. அதற்குக் கையெழுத்தும் போட்டேன். மேசைமேல் உங்கள் முன்னால் இருப்பது அந்த அட்டைதான். என் எழுத்துதான். மறுக்கவில்லை.

உங்களுக்கு கோல்ஃப் பழக்கமில்லை என்றீர்கள். எனக்கும் ஏழு வருடம் முன்பு தெரியாது. விஷயம் எளிது. மைதானத்தில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தைச் சேர்க்க எத்தனை அடி அடித்தோம் என்று எழுதிக் கடைசியில் கூட்டுவார்கள். மற்ற விளையாட்டுகளில் நிறைய எடுத்தவன் ஜெயிப்பான். இதில் குறைவாக எடுத்தவன் ஜெயிப்பான். எண் இறங்க வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போகும் எல்லாம் உங்களுக்கு விளங்கிவிடும்.

அத்தான் என் அக்காவின் கணவர். அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் லிஃப்ட் நிறுவனத்தில் பொறியாளர். பெரிய கட்டிடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃப் கிளப்பில் சேர்ந்தார். எண்பத்தைந்து கிலோ, தொப்பை, இடுப்பு வலி, சர்க்கரை நோய். மூன்று வருடம் முன்பு இதயக் குழாயில் ஓர் அடைப்பு எடுத்தார்கள். நூற்றுநான்கு அடி, நூற்றாறு அடி என்றுதான் ஆடுவார். ஆடிவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தேன். என்னுடைய யோகா கூடம் மூடிப்போனபோது அக்கா வந்து இருக்கச் சொன்னாள். ஒரு மாதம் என்று வந்தேன், ஏழு வருடம் ஆகிவிட்டது. அத்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. விருந்தாளிகள் வந்தால் மட்டும் ஒரு வேடிக்கை சொல்வார். "இவரு எங்க வீட்டுச் சாமியார். மாடிலதான் தவம். சாப்பாட்டுக்கு மட்டும் கீழ எறங்குவாரு." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஏழு வருடத்தில் அதை நாற்பத்தொரு தடவை சொன்னார்.

இரண்டு வருடம் முன்பு கிளப்பிலேயே எனக்கு வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் உறுப்பினர்களுக்கு யோகா. செயலாளரே வீட்டுக்கு போன் செய்து கூப்பிட்டார். என் பழைய கூடத்தைப் பற்றி யாரோ நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளப்பில் மூத்தவர்களுக்கு ஒரு கோப்பை உண்டு. அறுபத்தைந்து தாண்டியவர்கள் அந்த மாதத்தில் தங்களுக்குத் தோதான ஏதாவது ஒரு காலை ஆடலாம். கூடவே கிளப்பைச் சேர்ந்த ஒருவர் நடந்து, அடிகளை எண்ணி எழுதி, கையெழுத்திட்டு, அட்டையை அலுவலகப் பெட்டியில் போட வேண்டும். மாத முடிவில் மிகக் குறைந்த எண் யாருடையதோ அவருக்குக் கோப்பை. எப்போதும் அதை வாங்குகிறவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

ஐந்து மாதம் முன்பு ஒரு காலை, வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் வாசலில் வந்து நின்றார்.

"மாப்ளே, கப்பல்காரன் ரொம்பத் துள்றான். என்னைய எண்பத்தஞ்சுக்குக் கீழ கொண்டுவர முடியுமா உன்னால?"

"முடியும் அத்தான். ஆனா நான் சொல்றதை அப்படியே கேக்கணும்."

"கேக்குறேன். உங்க அக்கா சொல்றதையே நாப்பது வருஷமா கேக்குறேன், நீ சொல்றதையா கேக்க மாட்டேன்?"

அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அதுவும் உங்களிடம் இருக்கிறது. இடப்பக்கம் அவர் ஆடிய அடிகள். வலப்பக்கம் காலையில் வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை. பச்சை மை. முதல் பக்கத்தில் நூற்றுநான்கு, நூற்றுத் தொண்ணூறு என்று இருக்கும்.

யோகாவைப் பற்றி இங்கே நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் வேலை தெரியாதவன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. கோல்ஃப் கையால் ஆடும் ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இடுப்பால் ஆடும் ஆட்டம். இடுப்பு திறந்தால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் மட்டை தானாக வீச்செடுக்கும். தினமும் ஒரு கம்பைத் தோளுக்குக் குறுக்கே வைத்து நூறு முறை திருப்பினேன். ஒற்றைக்காலில் நிற்கவைத்தேன். முதல் நாள் நான்கு விநாடி நின்றார், கடைசியில் இரண்டு நிமிடம் நின்றார். குழிக்குப் பக்கத்தில் பந்தை மெதுவாகத் தட்ட வேண்டிய நேரத்தில் கை நடுங்காமல் இருக்க, மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் மாதம் இடுப்பு வலி போய்விட்டது. பதினோரு கிலோ குறைந்தது. தெருவில் பார்த்தவர்கள் யாரோ என்று தாண்டிப் போனார்கள்.

சாப்பாடு முழுக்க நான் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்குச் சமையலறையை விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. காலையில் ஓட்ஸ், மதியம் அவித்த காய், மாலையில் ஒரு கிண்ணம் சூப். பிறகு ஓட்ஸை நிறுத்தினேன். பிறகு சூப்பைத் தெளியவைத்து மேலாக மட்டும் கொடுத்தேன். எண்கள் இறங்கின. தொண்ணூற்றெட்டு, நூற்றுநாற்பது. தொண்ணூற்று மூன்று, நூற்றுப்பத்து. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இறங்குவதைப் பார்க்க ஒரு நிம்மதி. அத்தான்கூட அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாப்பது வருஷம் ஜனங்களை மேல ஏத்தினேன் மாப்ளே. இப்ப நீ என்னைக் கீழ எறக்குற."

நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு தடவை ஒன்பதாம் குழியில், புதருக்குள் பந்தை அடிக்கக் குனியும்போது மட்டை லேசாக உரசிப் பந்து ஒரு விரல்கடை நகர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை. வெளியே வந்து, "ஒண்ணு சேத்துக்க மாப்ளே, பந்து நகர்ந்துருச்சு" என்றார். அந்த ஆட்டத்தில் அந்த ஓர் அடியால்தான் தோற்றார். தோற்றவர் கப்பல்காரருக்குக் கைகொடுத்துவிட்டு, வெயிலில் நின்று புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவரிடம் போய், "முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மிட்டாய் விஷயத்தையும் நீங்கள் கேட்டீர்கள். அது அவருடைய பழைய பழக்கம். கிளப்புக்குப் போகும்போது பையில் மூன்று மிட்டாய் இருக்கும். ஒன்று வாசல் காவலருக்கு. ஒன்று புல்வெட்டுகிறவருக்கு. ஒன்று தனக்கு, பத்தாம் குழிக்குப் பிறகு. வாசல் காவலர் அறுபது வயது ஆள், அந்த மிட்டாயை வாங்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சிரிப்பார். நான் முதல் வாரமே அதை நிறுத்தினேன். சர்க்கரை நோய்க்காரர் பையில் மிட்டாய் இருப்பது, குடியை விட்டவன் வீட்டில் பாட்டில் இருப்பது மாதிரி. தினமும் கிளம்பும்முன் பையைச் சோதிப்பேன். அத்தான் கோபிக்கவில்லை. "வாத்தியார் கண்டுபுடிச்சுட்டாரு" என்று காவலரிடம் கையை விரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு மிட்டாய்க்குப் பதிலாகக் காவலரோடு இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டு வர ஆரம்பித்தார்.

மாத்திரைக்கு வருகிறேன். நான் அத்தானின் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று கிளப்பில் சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அது அபாண்டம். நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. யோகா சொல்லித்தருகிற பலர் மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வார்கள், நான் அப்படிப்பட்டவன் இல்லை. காலை ஆறு மணிக்கு, வெந்நீரோடு, என் கையால் கொடுப்பேன். ஐந்து மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை. ஒரு மாத்திரை குறையவில்லை. அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் மாதம் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். எங்கள் குடும்பத்தைப் பல வருடமாகப் பார்க்கிறவர். நோட்டைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "நல்லாத்தான் கொறைஞ்சிருக்கு. ஆனா சாப்பாடு இதுக்கு மேல கொறைஞ்சா மாத்திரையையும் நான் கொறைக்கணும். இல்லைன்னா சர்க்கரை எழுபதுக்குக் கீழ, பாதாளத்துக்குப் போயிடும், ஆளே சாஞ்சுருவாரு. அடுத்த மாசம் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் பையில எப்பவும் ஒரு மிட்டாய் இருக்கட்டும்." அக்காவும் அந்த அறையில்தான் இருந்தாள். எனக்குப் புரிந்ததா என்று கேட்கிறீர்கள். புரிந்தது. நான் படித்தவன்.

அடுத்த மாதமே கூட்டிப்போக நினைத்தேன். அந்த வாரம்தான் கிளப் செயலாளரோடு வராந்தாவில் காபி குடிக்க நேர்ந்தது. நான் வெந்நீர்தான் குடித்தேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார், "உங்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லி உங்க அத்தான் மூணு மாசம் என் பின்னாடியே அலைஞ்சாரு சார். அவன் வித்தை தெரிஞ்சவன், ஒரு வாய்ப்பு குடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ரோஷக்காரன்னு சொன்னாரு. இப்ப பாருங்க, அவரையே ஆளை மாத்திட்டீங்க."

நான் செயலாளருக்கு நன்றி சொன்னேன். கடவுளுக்கும் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் செய்து, முன்பதிவைத் தள்ளிவைத்தேன். அதற்கு அடுத்த மாதமும் தள்ளிவைத்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து சம்பந்தம் இல்லை. டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், மூன்று மாதமாக இறங்கிவந்த வரிசையில் ஒரு ஏற்றம் விழும், அதை வைத்துச் சாப்பாட்டையும் கூட்டச் சொல்வார். கோப்பைக்கு முன்னால் அது வேண்டாம் என்று பட்டது. அத்தான் ஒரு தடவை கேட்டார். "டாக்டரைப் பாக்கணும்ல?" லீவுல இருக்காங்க அத்தான் என்றேன். அது பொய் இல்லை. அந்த வாரம் ஒரு நாள் அவர் லீவில்தான் இருந்தார்.

நான்காம் மாதத்தில் விடிகாலையில் அத்தானுக்கு வியர்க்க ஆரம்பித்தது. அக்கா மாடிக்கே வந்துவிட்டாள்.

"டேய், சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு எழுந்துக்குறாருடா. கை நடுங்குது. நேத்து என் பேரை மறந்துட்டு முழிக்கிறாரு."

"அழுக்கு வெளிய போகுதுக்கா. பயப்படாத."

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கிப்போனாள். அந்த வாரம் நோட்டில் எண்பத்தாறு, அறுபத்து நான்கு என்று இருக்கும்.

எண்பத்தாறு ஆடிய அன்று கிளப் வராந்தாவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கப்பல்காரரும் இருந்தார். "என்னய்யா மாயம் பண்ற?" என்று கேட்டார். அத்தான் என் தோளில் கையைப் போட்டு முன்னால் இழுத்து நிறுத்தினார். "நான் எங்க பண்றேன்? எல்லாம் இவரு. என் குரு." நாற்பத்தொரு தடவை சாமியார் என்றவர் ஒரு தடவை குரு என்றார். அப்போது அவர் கை என் தோளில் நடுங்கிக்கொண்டிருந்தது. உடம்பின் வழியாக எனக்குத் தெரிந்தது. நான் எல்லாருக்கும் கைகூப்பினேன்.

கோப்பைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான். செவ்வாயில் கூட்டம் இருக்காது. கப்பல்காரர் ஏற்கெனவே ஆடி எண்பத்து நான்கு போட்டிருந்தார். அதனால் எண்பத்து மூன்று வேண்டும்.

முந்தின நாள் மாலை சூப் கொடுக்கவில்லை. காலையிலும் ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் ஆடினால் கவனம் கூர்மையாக இருக்கும் என்றேன். ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்தேன். விரலில் குத்திப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு. எழுதினேன். பச்சை மையில் அதன் கீழே ஒரு கோடும் போட்டேன். நாங்கள் இருவரும் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டோம். கிளம்பும்முன் வழக்கம்போலப் பையைச் சோதித்தேன். பந்து வைக்கும் சின்னப் பையில், பந்துகளுக்கு அடியில், மூன்று மிட்டாய் இருந்தன. அத்தானுடைய வேலை என்று நினைத்தேன். எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் மனதைக் கலைக்கக் கூடாது.

அவர் வாழ்க்கையிலேயே அப்படி ஆடியதில்லை. மட்டை காற்றில் போகிற சத்தமே வேறாக இருந்தது. பத்தாம் குழி வரை பேசவே இல்லை. பதினொன்றில் வியர்த்தது. பன்னிரண்டில் நான் கொடுத்த மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார். பந்தை அடிக்க என்றேன். சிரித்தார், அடித்தார், நன்றாகவே அடித்தார். உடம்பு பழகிவிட்டால் மனம் இல்லாமலே வேலை செய்யும். பதின்மூன்று குழி முடிந்தபோது அறுபது அடி.

பதினான்காம் குழியில் நான்காவது அடியில் பந்து குழிக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. இன்னும் ஒரு தட்டு. அத்தான் அதன் அருகில் போய் நின்று, மட்டையைக் கீழே போட்டுவிட்டு, புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மட்டைப்பை வைத்திருந்த தள்ளுவண்டியைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சின்னப் பையைத் திறந்தார். ஒரு பந்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"மாப்ளே... ஒரு மிட்டாய் இருக்கா? அவ வச்சேன்னாளே."

நாக்கு குழறியது. ஆனாலும் புரிந்தது.

"மூச்சை கவனிங்க அத்தான். இன்னும் நாலு குழிதான்."

"ஒண்ணு போதும்."

படுத்துக்கொள்ளச் சொன்னேன். சவாசனம். கைகளை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க. அவருக்கு எப்போதும் சவாசனம் வராது, கண்ணைத் திறந்து திறந்து பார்த்து ஏதாவது வேடிக்கை சொல்வார். அன்றைக்கு நன்றாக வந்தது. தூரத்தில் புல்வெட்டுகிறவர் வண்டியை நிறுத்திக் கையை உயர்த்தி என்ன என்று கேட்பதுபோலக் காட்டினார். நான் பதிலுக்குக் கையை உயர்த்தி அசைத்தேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

என்னிடம் போன் இருந்தது. ஆமாம். சவாசனத்தின்போது போனை அணைத்து வைப்பது என் வழக்கம்.

நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்போதும் பார்ப்பேன். பத்தாவது நிமிடத்தில் கால்கள் கொஞ்சம் உதறின, பிறகு அடங்கின. இருபதில் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. முப்பதில் மூச்சின் சத்தம் மாறியது. முப்பத்தைந்தில் நின்றது. மணிக்கட்டிலும் கழுத்திலும் நாடி பார்த்தேன். ஒரு மனிதனின் எல்லா எண்களும் இவ்வளவு அமைதியாக இறங்கி நான் பார்த்ததில்லை. அவர் கண்ணை மூடிவிட்டேன். தலைக்குக் கீழே என் துண்டை வைத்தேன். தொப்பியை முகத்தின் மேல் வெயில் படாமல் வைத்தேன்.

பிறகு பந்து அங்கேயே இருப்பது கண்ணில் பட்டது. அவருடைய மட்டையை எடுத்து நானே குழிக்குள் தட்டினேன். பதினான்காம் குழி, ஐந்து. அது நியாயமான எண்தான். அந்தத் தூரத்தை அவர் தவறவிடவே மாட்டார். அதற்குப் பிறகுதான் என் தவறு நடந்தது. பதினைந்துக்கு நான்கு, பதினாறுக்கு ஐந்து, பதினேழுக்கு நான்கு, பதினெட்டுக்கு ஐந்து என்று எழுதினேன். அறுபதும் ஐந்தும் பதினெட்டும், எண்பத்து மூன்று. அவர் இருந்த நிலையில் அதைத்தான் ஆடியிருப்பார். ஐந்து மாத உழைப்பு ஒரு அட்டையில் பாதியில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். நடந்து அலுவலகத்துக்கு வந்து, பெட்டியில் போட்டேன். போட்ட பிறகுதான் குமாஸ்தாவிடம், அத்தான் பதினாலாவதுல படுத்திருக்காரு, யாரையாவது அனுப்புங்க என்று சொன்னேன். முதலில் சொல்லியிருந்தால் அட்டையை மறந்திருப்பேன்.

பதினான்காம் குழியில் கிடந்த ஆள் எப்படிப் பதினெட்டும் ஆடினார் என்று குமாஸ்தா கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை, அம்மா. அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். புதருக்குள் நகர்ந்த பந்துக்கு ஓர் அடி சேர்த்துக்கொண்டவர் பெயரில் நான்கு பொய் எண்கள். அவருக்கு நான் செய்த ஒரே அநியாயம் அது. கோப்பை கப்பல்காரருக்கே போகட்டும். செயலாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத ஒரு தாள் கொடுத்தால் எழுதித் தருகிறேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். அவர்கள் அங்கே எடுத்த சர்க்கரை அளவை டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அத்தானின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாசல் காவலர் வேலை உடையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பந்து வைக்கிற பையில மூணு மிட்டாய் போட்டு வச்சேன்டா, அவர்கிட்டயும் சொன்னேன். கடைசியில அவரு ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்லக்கா. கேக்கவே இல்ல."

அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன், அதனால் சொல்கிறேன். கேட்டார். ஒன்றுதான் கேட்டார். மூன்றும் என் சட்டைப்பையில் இருந்தன. நீங்கள் இங்கே என் பையைக் காலி செய்யச் சொன்னபோது கைக்குட்டையோடும் பென்சிலோடும் மேசையில் எடுத்து வைத்தேனே, அவைதான்.

இனிப்பு அவருக்கு ஆகாது.